புதுச்சேரியின் எதிர்காலத்தை முடிவு செய்தது யார்?

(சித்தூர், திருப்பதி தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



எல்லை என்பது சித்தூர் மக்களுக்கு ஏட்டில் படித்த செய்தியன்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. பின்னர் படாஸ்கர் நடுவராக அமர்ந்து பேசியதன் விளைவாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. மனக்கசப்புக்குக் குறைவில்லை, எனினும் அது ஒரு நாட்டுக்குள் நடந்த பேச்சு. அதே காலத்தில் புதுச்சேரியின் எதிர்காலமோ ஓர் ஏகாதிபத்தியத்தோடு பேசித் தீர்க்கப்பட வேண்டியிருந்தது.

உலகப்போரில் நாஜிகளிடம் மண்டியிட்ட பிரான்ஸ், தான் விடுதலை பெற்றதும் வியட்நாம் மீது போர் தொடுத்தது. இந்தியாவில் அதற்கு வலிமையில்லை. எனவே 1948 ஜூனில், பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை அம்மக்களே முடிவு செய்வர் என்று உடன்பட்டது. 1949இல் சந்திரநாகூர் மக்கள் வாக்களித்து இந்தியாவைத் தேர்ந்தனர். அதைக் கண்டபின் ஏனைய பகுதிகளின் வாக்கெடுப்பு இழுத்தடிக்கப்பட்டது.

ஆனால் இப்போராட்டம் தில்லியிலோ பாரிசிலோ பிறந்ததன்று. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலைக்காகவும் சங்க உரிமைக்காகவும் நின்ற புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சுத் துப்பாக்கிக்குப் பலியாயினர். அவர்களைத் திரட்டியவர் தோழர் வ. சுப்பையா.

1954இல் காட்சி மாறியது. பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த குபேர் மார்ச்சிலேயே அணி மாறினார். காற்று திரும்புவதை இத்தகையோர் முதலில் அறிந்துகொள்வர்! மே 7 அன்று தியன் பியன் பூ வீழ்ந்தது. ஜூனில் தெலுங்கு மண்ணின் ஏனாமும், ஜூலையில் மாஹேயும் மக்கள் கைக்கு வந்தன. ஜூலை 21இல் ஜெனீவா உடன்பாடு. வியட்நாமிய உழவர்கள் சிந்திய குருதி புதுச்சேரிக்கும் வழி திறந்தது.

அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தோர் 178 பேர். இணைப்புக்கு 170, எதிராக 8. இவர்கள் அனைவரும் பிரதிநிதிகள். 1948இல் உறுதியளிக்கப்பட்ட மக்கள் வாக்கெடுப்பு நடைபெறவே இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆயினும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஆறாண்டுகள் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஓரிடத்தைச் சட்டப்படி விட்டால் அடுத்த இடமும் கேட்கும் என்னும் அச்சம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதன் பின்னரே ஒப்புதல் கிடைத்து, ஆகஸ்டு 16 அன்று இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. அதுவரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், இந்திய நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்த புதுச்சேரி மக்கள் சட்டத்தின் பார்வையில் பிரெஞ்சு மண்ணிலேயே இருந்தனர்.