ரிங்லெட் ஏரியில் ஆழம் பார்ப்பது எப்படி?

2013 அக்டோபரில், ரிங்லெட்டின் சுல்தான் அபுபக்கர் அணை கனமழையில் நிரம்பி, நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. காய்கறித் தோட்டத்து மண் கரைந்து வந்து, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தைச் சேறு பிடித்துக்கொண்டது.

அங்கே படகிலுள்ள ஆழமானி இரண்டு முறை இரண்டு எண் காட்டினால் கருவியைத் திட்டாதீர்கள். ஒலி போய்த் திரும்பும் நேரத்தைத்தான் அது ஆழமாக்குகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி இளஞ்சேற்றின் மேலேயே திரும்பிவிடும். குறைந்த அதிர்வெண் உள்ளே புகுந்து கெட்டித் தரையைத் தொடும். இரண்டுமே சரிதான்! வித்தியாசம், சேற்றின் கனம்.

உண்மையான பழுது வேறு. ஒலி அனுப்பும் முகப்பில் பாசி படிந்திருக்கும், காற்றுக் குமிழ் சிக்கியிருக்கும். துடைத்துவிட்டு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஒப்பிடுங்கள். குண்டும் சேற்றில் கொஞ்சம் அமிழும். அதையும் கணக்கில் வையுங்கள்.