நாளால் பங்கிட்ட கடல்

இராமேசுவரத்து மீனவரும் யாழ்ப்பாணத்து மீனவரும் பேசுவது தமிழே. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் ஒருங்கே தொழுபவரும் உண்டு. பிணக்கு தொழில்முறையில் இருக்கிறது. கடலடியை வாரும் இழுவைமடி இங்கே பலருக்குப் பிழைப்பு; போர் 2009இல் ஓய்ந்தபின் சிறுவலையோடு கடலுக்குத் திரும்பிய அவர்களுக்கோ அது பேரிழப்பு.

இத்தகைய பூசல் நம் கரையிலேயே எழுந்ததுண்டு. அப்போது கோடு கிழிக்கவில்லை; விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலை நாளால் பங்கிட்டனர். எனக்கு அது 1974ஆம் ஆண்டின் எல்லைக்கோட்டினும் நுட்பமாகத் தோன்றுகிறது.

2014இல் இருகரை மீனவரும் சென்னையிலும் கொழும்பிலும் நேரில் பேசினர். அவர்கள் இழுவைமடியை நிறுத்தக் கோரினர்; நம்மவர் அவகாசம் வேண்டினர். 2017இல் இலங்கை அம்முறையைச் சட்டத்தால் தடுத்தது. “கடன்பட்டு வாங்கிய படகை எங்கே கட்டுவது, ஐயா?” என்று முதியவர் ஒருவர் என்னைக் கேட்டார்.