கனவானாக விரும்பிய முதலாளி

‘லெ பூர்ஷ்வா ஜான்தியோம்’ என்பது பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் எழுதிய ஐந்து அங்க நகைச்சுவை நாடகம். ‘கனவானாக விரும்பிய வணிகர்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1670 ஒக்டோபர் 14ஆம் திகதி, பிரான்சின் ஷம்போர் மாளிகையில், பதினான்காம் லூயி மன்னரின் முன்னிலையில் அது முதன்முதலாக மேடையேறியது. நவம்பர் 23ஆம் திகதி பரிஸ் நகரின் பலே ரோயால் அரங்குக்கு வந்தது. வசனத்தோடு பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம் அது. இசையமைத்தவர் லுல்லி. பொருள் வாங்குவதால் மட்டும் பெரிய மனிதராகிவிடலாம் என்று நம்பும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும் நாடகங்களுக்கு இது ஒரு மூலவேர்.

நாடகத்தின் நாயகர் பெயர் ஜுர்தான். தகப்பன் துணி வியாபாரி. வியாபாரத்தில் சேர்ந்த பணம் கையில் தாராளமாக இருக்கிறது, குலப்பெருமைதான் இல்லை. அக்காலப் பிரான்சில் பிரபுக்களுக்கு முக்கியமான நேர்வரி கிடையாது. பிரபு அல்லாதவர்களும் பிரபு என்று சொல்லித் திரிந்ததால், 1660களில் அரசு ஊர் ஊராக விசாரணை வைத்துப் பத்திரம் கேட்டது. பெரும்பாலும் பிறப்பால் வரும் அந்தத் தகுதியை ஜுர்தான் கடையில் வாங்கப் பார்க்கிறார். நாடகம் முழுவதும் அந்தக் கொள்வனவின் கதைதான்.

முதல் அங்கத்திலேயே அவர் ஒரு புது அங்கி அணிந்து வருகிறார். அது இந்தியத் துணியில் தைத்தது. உயர்ந்த மனிதர்கள் காலையில் இப்படித்தான் உடுத்துவார்கள் என்று தையற்காரர் சொன்னாராம். அது போதும் அவருக்கு. சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் சாயமேற்றிப் பூப்போட்ட பருத்தித் துணிகள் அப்போது ஐரோப்பாவின் புதுமோகம். இலங்கையில் சீத்தை என்று வழங்குவது அந்தத் துணியின் வழிவந்ததே. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனி 1664இல் தொடங்கியது. சீத்தை மோகம் உள்ளூர்ப் பட்டு, கம்பளித் தொழில்களை விழுங்கிவிடும் என்று அஞ்சிய பிரெஞ்சு அரசு, 1686இல் பூ அச்சிட்ட பருத்தித் துணியைத் தடைசெய்தது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. ஜுர்தான் உடுத்திய அங்கி, அந்த வகையில், அன்றைய பரிஸ் நகரம் நன்றாக அறிந்த ஒரு பைத்தியத்தின் அடையாளம்.

அவர் வாங்கிய எதுவும் அதற்குரிய வேலைக்குப் பயன்படுவதில்லை. வேலைக்காரர் இருவரைக் கூவி அழைக்கிறார். ஓடி வந்ததும், கூப்பிட்டால் கேட்கிறதா என்று பார்த்தேன், வேறொன்றுமில்லை என்கிறார். பாட்டைக் கேட்க அங்கியைக் கழற்றுவதா போடுவதா என்று தடுமாறுகிறார். புதுச் சட்டையில் பூக்கள் தலைகீழாக இருக்கின்றன. பெரிய மனிதர்கள் அப்படித்தான் அணிவார்கள் என்று தையற்காரர் சொன்ன கணமே தவறு நாகரிகமாகிவிடுகிறது. தையற்காரரின் உடம்பிலோ, ஜுர்தானின் முந்திய உடுப்புக்கு வாங்கிய துணியே மின்னுகிறது. ஜுர்தான் அதைக் கண்டுகொண்டும் மேலே கதைப்பதில்லை.

கதாபாத்திரங்களை இரண்டு அணியாகப் பிரிக்கலாம். முதலணி கையேந்தும் அணி. இசை, நடனம், வாட்பயிற்சி, தத்துவம் ஆகியவற்றைக் கற்பிக்க நான்கு ஆசிரியர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எந்தக் கலை உயர்ந்தது என்ற வாதத்தில் அவர்களே அடிபிடிப்படுகிறார்கள். கோபத்தை அடக்கச் சொல்லிக்கொண்டு வந்த தத்துவ ஆசிரியரும் அடிதடியில் இறங்குகிறார். பிறகு அவர் உயிரெழுத்துகளை உச்சரிக்கும் விதத்தைக் கற்பிக்கிறார். பிறந்த நாள் முதல் எல்லோரும் செய்துவரும் காரியத்துக்கு ஜுர்தான் கட்டணம் செலுத்தி வியக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேலாகத் தான் பேசிவந்தது உரைநடை என்பதை அவர் அறிந்து பூரிக்கும் இடம், உலக நாடக இலக்கியத்தில் மிக அதிகமாக எடுத்துச் சொல்லப்படும் காட்சிகளில் ஒன்று.

தையற்காரரின் உதவியாட்கள் இந்த வியாபாரத்தின் சூத்திரத்தையே வெளிப்படுத்துகிறார்கள். ஒருவன் கனவானே என்கிறான், சன்மானம் கிடைக்கிறது. பிரபுவே என்கிறான், சன்மானம் கூடுகிறது. அதையும் தாண்டி ஒரு படி ஏற்றிச் சொன்னதும் இன்னும் காசு விழுகிறது. இன்னும் ஒரு படி ஏறியிருந்தால் பணப்பை முழுவதையும் கொடுத்திருப்பேன் என்று ஜுர்தானே தனக்குள் சொல்லிக்கொள்கிறார். உடுப்பு இங்கே ஒரு சாட்டு. விற்பனையாவது அழைக்கும் சொல்.

முதலணியின் தலைவர் தொராந்த் என்ற பிரபு. அசல் பிரபுதான், ஆனால் கையில் காசில்லை. அரசவையில் உங்களைப் பற்றிப் பேசினேன் என்று சொல்லிச் சொல்லியே ஜுர்தானிடம் கடன் வாங்குகிறார். மூன்றாம் அங்கத்தில் கணக்குப் பார்க்கும் காட்சி வருகிறது. ரொக்கமாக 460 லூயி நாணயம், அதாவது 5,060 லீவ்ர். தொப்பி இறகு விற்பவருக்குக் கட்டியது 1,832 லீவ்ர். தையற்காரருக்கு 2,780. துணி வணிகருக்கும் சேணக்காரருக்கும் கட்டியவை சல்லிக்காசு வரை சொல்லப்படுகின்றன. மொத்தம் 15,800 லீவ்ர். தொராந்த் தீர்க்க வந்தவர்போல எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சேர்த்து 18,000 ஆக்கிவிடுங்கள் என்கிறார். பிரபுவின் கடன் பட்டியலும் இறகு, உடுப்பு, துணி, சேணம் என்றுதான் நீளுகிறது. பகட்டு நோய் வணிகரோடு நிற்கவில்லை என்பதை மொலியேர் ஒரு கணக்கு ஏட்டை வைத்தே காட்டிவிடுகிறார். ஜுர்தான் தொரிமேன் என்ற சீமாட்டிக்கு அனுப்பிய வைர மோதிரத்தையும் தொராந்த் தன் பரிசாகக் கொடுத்து, அவளைத் தானே மணக்க வழிசெய்துகொள்கிறார்.

இரண்டாவது அணி எதையும் விற்காத அணி. ஜுர்தானின் மனைவி, வீட்டுக் கணக்கும் ஊர்ப்பேச்சும் அறிந்தவர். தன் தகப்பனும் மாமனாரும் வணிகர்கள் என்பதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. பணிப்பெண் நிக்கோல், எசமானரின் புது உடுப்பைக் கண்டு சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் விழுகிறாள். அவர் கற்ற வாட்பயிற்சியை ஒரு நிமிடத்தில் தோற்கடிக்கிறாள். மகள் லுசிலை விரும்பும் கிளெயோந்த், நீ பிரபுவா என்ற கேள்விக்கு இல்லை என்று உண்மையைச் சொல்கிறான். பொய் சொன்னவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்த ஜுர்தான், உண்மை சொன்ன இவனுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறார்.

முதல் மேடையேற்றத்தில் ஜுர்தானாக நடித்தவர் மொலியேரே. அவருடைய தந்தை அரண்மனைக்குத் திரைச்சீலையும் மெத்தை விரிப்பும் செய்து கொடுத்தவர். ஆகவே நாயகனின் வீட்டு வாசனை ஆசிரியருக்குப் புதிதல்ல. ஜுர்தானின் மனைவி வேடத்தை ஏற்றவர் ஓர் ஆண் நடிகர், ஹுபேர். லுசிலாக நடித்தவர் மொலியேரின் மனைவி ஆர்மாந்த் பெஜார். நிக்கோல் பாத்திரத்தின் சிரிப்பு, நடிகை போவாலின் இயல்பான சிரிப்பை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. நாடகத்தில் பின்னால் வரும் ஒரு துருக்கிச் சடங்கை நடத்தும் மதகுருவாக மேடையேறியவர் இசையமைப்பாளர் லுல்லி.

அந்தத் துருக்கிச் சடங்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1669இல் உதுமானியத் தூதர் சுலைமான் ஆகா பிரெஞ்சு அரசவைக்கு வந்தார். மன்னர் காட்டிய ஆடம்பரம் அவரை அசைக்கவில்லை. அந்தக் கசப்பின் பின் துருக்கியரைக் கேலிசெய்யும் ஒரு காட்சி வேண்டுமென்று அரசவை விரும்பியது. கிழக்கு நாடுகளில் வாழ்ந்து திரும்பிய தார்வியோ அதற்கு ஆலோசனை சொன்னார். மொலியேர் அந்தக் கேலியை ஜுர்தான் மேல் திருப்பிவிட்டார். கிளெயோந்த் துருக்கிய இளவரசனாக வேடம் போட்டு வருகிறான். அவனுடைய வேலையாள் கொவியேல் மொழிபெயர்ப்பாளன். கொவியேல் சொல்வதன்படி, ஜுர்தானின் தகப்பன் வியாபாரி இல்லையாம். துணியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவராம். எங்கெங்கோ தேடி எடுத்து நண்பர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவந்தாராம். இதைக் கேட்டதும் ஜுர்தான் மகிழ்ந்து போகிறார். ‘மமாமூஷி’ என்ற, எந்த மொழியிலும் இல்லாத பட்டம் அவருக்குச் சூட்டப்படுகிறது. தலைப்பாகை வைத்து, தடியால் அடித்து, ஆடிப்பாடிச் சடங்கு முடிகிறது. மகளை ‘இளவரசனுக்கு’ மகிழ்ச்சியோடு கொடுக்கிறார்.

பொதுவாக நகைச்சுவை நாடகங்களில் ஏமாந்தவனுக்கு இறுதியில் உண்மை தெரியும், அவன் திருந்துவான். இங்கே ஜுர்தானுக்கு எதுவும் தெரியவருவதில்லை. நல்லவர்களும் அவருக்கு ஒரு போலிச் சரக்கை விற்றுத்தான் காரியம் முடிக்கிறார்கள். நாடகத்தின் கூர்மை இதில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன், பிறர் கண்ணில் படுவதற்காகவே செய்யும் நுகர்வைப் பற்றி 1899இல் எழுதினார். மொலியேர் அதை 229 ஆண்டுகளுக்கு முன்பே மேடையில் காட்டியிருந்தார்.

கொழும்பிலும் இந்தச் சிரிப்புக்கு மண் இருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, 1940இல் ‘நானாடகம்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். ‘உடையார் மிடுக்கு’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ என்பன அதிலுள்ள நான்கு நாடகங்களில் இரண்டு. பாத்திரங்கள் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே பேசின. 1952இல் வந்த அவருடைய ‘இரு நாடகம்’ என்ற நூலில் ஒன்றின் பெயர் ‘பொருளோ பொருள்’. மேடைத் தமிழ் செந்தமிழாகவே இருக்கவேண்டும் என்றிருந்த காலத்தில், வீட்டுப் பேச்சை மேடைக்குக் கொண்டுவந்தது பெரிய மாற்றம். மிடுக்கைச் சிரித்துக் காட்ட, மிடுக்கில்லாத மொழி வேண்டும்.

சிங்கள மேடைக்கு மொலியேரின் ஜுர்தானையே கொண்டுவந்தவர், பின்னாளில் 1956இல் ‘மனமே’ நாடகத்தால் புகழ்பெற்ற எதிரிவீர சரச்சந்திர. 1943இல் வந்த அந்தத் தழுவலின் பெயர் ‘முதலாளி பெரளிய’. பெரளிய என்றால் குழப்பம், அமளி. முதலாளி, தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய்க் கடைக்காரரைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாகிவிட்டது. வணிகன் என்று எவரும் சொல்லக்கூடாதென்று பரிஸில் பணத்தைக் கொட்டிய ஜுர்தானுக்கு, இலங்கை மேடை கொடுத்த பெயர் முதலாளி.