கடைக் காவலும் காமிராவும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் பள்ளியாசிரியன் காமிராவைப் பற்றிப் பேசப் புகுந்தது ஏன் எனத் தங்களுட் சிலர் வியக்கலாம். நம்மவருட் பெரும்பாலார் சிறு கடை வைத்துக் குடும்பம் நடத்துவோர். கடையிற் பொருள் குறைந்தால் நட்டம் ஒன்று. அதனைத் தொடர்ந்து வேலை செய்யும் ஏழைப் பையன்மேல் எழும் ஐயம் மற்றொன்று. களவு செய்தவன் தப்பிப் போவதினும் களவு செய்யாதவன் பழி சுமப்பது கொடிது. இவ்விரண்டையும் தடுக்க வல்ல கருவி இன்று மலிவாய்க் கிடைக்கின்றது. எனினும், அதனை முறையறிந்து அமையாதவர்க்கு அது சுவரில் மாட்டிய பொம்மையே ஆகும். அம்முறையைச் சுருங்கச் சொல்வதே என் நோக்கம்.

திருவள்ளுவனார் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓரதிகாரம் வகுத்தனர். காமிராவும் ஓர் ஒற்றனே. ஒற்றனை ஏவுமுன் யாது அறிய வேண்டும் என்பதைத் துணிதல் வேண்டும். ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். வருவோர் முகம் தெரிய வாயிலில் ஒன்று, பணம் கைமாறுவது தெரியக் கல்லாப் பெட்டியின்மேல் ஒன்று, சரக்கறையில் ஒன்று, கடையின் உட்புறம் முழுவதையும் பொதுவாகக் காண ஒன்று. இந்நான்கும் சிறு கடைக்குப் போதும்.

ஒரே காமிராவால் எல்லாவற்றையும் காணலாம் என்று எண்ணுவது பிழை. முன்பின் அறியாத ஒருவனை ஐயமின்றி அடையாளங் காண, ஒரு மீட்டர் அகலத்திற்கு 250 பிக்ஸல் வேண்டும் என்பது ஐ.இ.ஸி. 62676-4 என்னும் உலகத் தரநூலின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு கூறிய அளவு. முழு ஹெச்.டி. காமிராவின் படம் 1,920 பிக்ஸல் அகலமுடையது. 1,920ஐ 250ஆல் வகுப்பின் ஏறக்குறைய ஏழரை மீட்டர் வரும். காட்சி அதனினும் அகன்றால் ஆள் தெரிவானேயன்றி முகம் தெரியாது. ஆதலின், வாயிற் காமிரா வாயிலை மட்டுமே நோக்கல் வேண்டும். அதனைக் கூரையோரத்தில் மிக உயர்த்தி வைப்பின் உச்சந்தலையே தெரியும். ஆளுயரத்திற்குச் சற்று மேலே, கைக்கெட்டா உயரத்தில் வைத்தல் நன்று. பகலில் தெருவின் வெயில் பின்னின்று வீசுதலால் நுழைவோர் முகம் கருத்துப் போகும்; அதற்கு டபிள்யூ.டி.ஆர். என்னும் ஒளிச்சமன் வசதியுள்ள காமிராவையே வாங்குக. இரவில் அகச்சிவப்பு விளக்கின்முன் சிலந்தி வலை பின்னினால் படம் வெண்படலமாய் மறையும்; வாரம் ஒரு முறை துடைத்தல் கடமை.

இனி, பலரும் கருதாது விடுவது பதிவின் காலவளவு. ஒரு காமிரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியின் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட் ஆகும்; நான்கிற்கு 86.4. ஆகவே 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் பன்னிரண்டு நாளைக்கும் போதாது. நிரம்பியபின் பழையதை அழித்து அதன்மேற் புதியது பதியும். மாத முடிவிற் சரக்கிருப்புப் பார்க்கும் கடைக்காரர், முதல் வாரத்துக் குறைவைக் கண்டுபிடிக்கும்போது சாட்சி மறைந்துவிட்டிருக்கும்! முப்பது நாட்பதிவுக்கு 2,592 ஜிகாபைட் வேண்டுமாதலின், 3 டெராபைட்டிற்குக் குறையாத டிஸ்க் வேண்டும். கணக்கெடுக்கும் காலத்தினும் பதிவின் காலம் நீண்டிருத்தல் வேண்டும் என்பதே இதற்குச் சூத்திரம்.

பதிவுப் பெட்டியைக் கல்லாவின் அடியில் வைப்பவர் பலர். பூட்டை உடைத்தவன் பெட்டியையும் கொண்டு போவான். அதனைப் பூட்டிய வேறோர் இடத்தில் வைத்து, மின்சாரம் நின்றாலும் இயங்குமாறு யு.பி.எஸ். இணைத்திடுக. தொழிற்சாலையார் இட்ட கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், அவ்வாறு மாற்றப்பெறாத காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றி, அவற்றையே படையாக்கி இணையத்தைத் தாக்கிற்று. காவலுக்கு வைத்த நாய் கள்வனுக்கு வாலாட்டிய கதை அன்றோ அது!

குற்றம் நேர்ந்துழிப் பதிவு நீதிமன்றத்திற் சாட்சியாதல் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்பதிவின் படியோடு சான்றிதழும் வேண்டும் என்கின்றது. பதிவின் ஹாஷ் என்னும் அடையாள எண்ணும் அதிற் குறிக்கப்படல் வேண்டும். திரையைக் கைப்பேசியாற் படமெடுத்து வைத்துக்கொண்டு அமையாது, பெட்டியிலிருந்தே பதிவை உடனே படியெடுத்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்தாரை அணுகுக. பெட்டியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகின்றதா என்பதையும் அடிக்கடி நோக்குக. நேரம் பிழைத்த சாட்சியை எதிர்வழக்குரைஞர் எளிதில் மறுப்பார்.

காமிரா வைக்கத் தகாத இடமும் உண்டு. துணிக்கடையில் உடை மாற்றும் அறையும், கழிப்பறையும், பெண்கள் ஓய்வெடுக்கும் இடமும் அதன் பார்வைக்குப் புறம்பாதல் வேண்டும். ஒருவர் அந்தரங்கத்தை அவரது இசைவின்றிப் படமெடுப்பாரைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு மூன்றாண்டு வரை சிறையிலிடும். சட்டம் கிடக்க, நம் பெண்மக்களை அவ்விடத்து நினைத்துப் பார்ப்பார்க்கு வேறு சட்டமும் வேண்டுமோ?

முடிவாக ஒன்று. காமிரா இருப்பதை வேலையாட்களுக்கு மறையாது சொல்லுக. வாயிலில் அறிவிப்புப் பலகையும் வைக்க. பதிவைக் காணும் உரிமை முதலாளியோடு மற்றொருவருக்கு மட்டும் இருக்கட்டும். பையன் ஒருவன் கல்லாவில் கையிடுவது திரையில் தெரிந்தவுடன் கள்ளன் எனக் கூவற்க. சில்லறை மாற்றினானோ, வாடிக்கையாளர்க்கு மீதி கொடுத்தானோ, படம் சொல்லாது. ஓர் ஒற்றன் உரைத்ததைப் பிறிதோர் ஒற்றனாலும் ஆராய்ந்து கொள்க என்பது ஒற்றாடல் அதிகாரத்தின் கருத்து. அவ்வாறே பற்றுச் சீட்டையும் பேரேட்டையும் ஒப்பு நோக்கி, அவன் வாய்மொழியையும் கேட்டபின்னரே துணிக. அவன் குற்றமற்றவன் என்று அதே படம் காட்டின், அதனைப் பலர் முன்னிலையிற் சொல்லுதலும் முதலாளியின் கடன்.

நம் கடைகளிற் பொருளும் பிழைக்கட்டும். உழைப்பவர் மானமும் பிழைக்கட்டும்.