விசா கேட்காத பயணம்



மாநாட்டுக்கு ஜெர்மனி போகிறவர் விசாவுக்காகவே இன்சூரன்ஸ் எடுத்துவிடுகிறார். ஷெங்கன் விதிப்படி குறைந்தது 30,000 யூரோ. அவசர சிகிச்சையும் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அதில் அடக்கம். ஆனால் பஸ் பிடித்து ஐ.வி. போகும் நம்ம பிள்ளைகளுக்கு? கேட்க ஆளில்லை, பல சமயம் பாலிசியும் இல்லை!

2014 ஜூன் 8-ல் இமாசலப் பிரதேசத்தில் அணை நீர் திறந்துவிடப்பட்டு, பியாஸ் ஆற்றில் ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். கல்விச் சுற்றுலாதான்.

குழு விபத்து பாலிசி பெரும்பாலும் உயிரிழப்புக்கும் ஊனத்துக்கும்தான். காய்ச்சலில் படுத்தால் கிடைக்காது. சிகிச்சைச் செலவைக் கேட்டுச் சேர்க்கணும். நான் துறைத்தலைவர்களிடம் கேட்பது இதுதான்: பஸ்ஸுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே பெயர்ப் பட்டியலை அனுப்பிவிடுங்கள். கூட வரும் ஆசிரியர் பெயரும் இருக்கட்டும், அவரைத்தான் மறந்துவிடுகிறோம்.