பழம் பறிக்கும் பக்குவம்



மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூரை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், வாவிக்கரையை அணைந்து கிடப்பது தன்னாமுனை என்னும் ஊர். சென்ற பங்குனி மாதத்தில் அங்கே உறவினர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தேன். கிணற்றடியில் ஆறேழு தக்காளிச் செடிகள் காய்த்துக் குலுங்கின. ஆயினும், அவற்றை வளர்த்த பெரியம்மாவின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "நன்றாகச் சிவக்கட்டும், நாளைக்கு ஆயலாம் என்று விடுகிறேன், தம்பி. விடிந்து பார்த்தால் கொண்டைக்குருவி கொத்தின ஓட்டைதான் மிச்சம்" என்றார்.

மாரி ஓய்ந்ததும் தை மாதத்தில் நாற்று நட்டு, மணல் நிலத்துக்கு எருவிட்டு, நாள்தோறும் நீர் இறைத்து வளர்த்தவர் அவர். இரண்டரை மாதத்துப் பிரயாசை கடைசி நான்கைந்து நாள்களில் வீணாகிறது. அப்படியாயின், தக்காளியை எப்பொழுது பறிப்பது? இதுவே இன்று நாம் ஆராயவிருக்கும் வினா.

நமது வளவுகளில் தானே முளைக்கும் மணத்தக்காளியை நாம் அறிவோம். அதன் பழம் நன்கு கனிந்த பின்னரே பறித்துத் தின்போம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த பெருந்தக்காளிக்கும் அதே விதியைப் பொருத்திவிடுகிறோம். இங்கேதான் பிழை நேர்கின்றது. தக்காளி, வாழையையும் மாவையும் போல, பறித்த பின்னரும் பழுக்கும் இனத்தைச் சேர்ந்தது.

வாழைக்குலையைக் குழியில் இட்டுப் புகையூட்டிப் பழுக்கவைப்பது நம் முன்னோர் கண்ட வழி. அப்புகையில் எதிலீன் என்னும் வாயு கலந்திருக்கின்றது. பழுக்கும் பழமும் தன்னுள்ளிருந்தே அவ்வாயுவை வெளிவிடுகின்றது என்பதை, 1934ஆம் ஆண்டில் கேன் என்னும் ஆங்கில ஆய்வாளர் அப்பிள் பழங்களைக் கொண்டு நிறுவினார். தக்காளியிலும் நிகழ்வது இதுவே. காய் முற்றியதும் எதிலீன் பெருகுகிறது. பச்சை நிறம் கலைகிறது. சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோப்பீன் உண்டாகிறது.

பூ மலர்ந்து ஏறத்தாழ 6 வாரங்களில் காய் முழுப் பருமன் அடையும். அதன் கடும்பச்சை வெளிறி, மெல்லிய பளபளப்புத் தோன்றும். ஐயமிருந்தால் ஒரு காயைக் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதைகள் கத்தியில் அறுபட்டால் காய் இளசு. அது பறித்த பின் நன்றாகப் பழுக்காது. விதைகள் கூழினுள் வழுக்கி விலகினால் காய் முற்றிவிட்டது. அடுத்த சில நாள்களில், காம்புக்கு எதிர்ப்புறமான அடிப்பாகத்தில் இளமஞ்சளோ இளஞ்சிவப்போ தலைகாட்டும். நேயர்களே, பறிப்பதற்கு ஏற்ற பக்குவம் இதுதான். அந்நிலையிலிருந்து முழுச் சிவப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். அந்த ஒரு வாரத்தைச் செடியில் கழிக்காமல் வீட்டினுள் கழிக்கச் செய்தால், கொண்டைக்குருவியும் அணிலும் ஏமாந்து போகும்.

குருவிக்காக மட்டுமன்று, வெயிலுக்காகவும் இவ்வாறு செய்ய வேண்டும். வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டினால் லைக்கோப்பீன் உண்டாவது தடைப்படும்; மஞ்சள் நிறப் பொருளோ தொடர்ந்து உருவாகும். சித்திரை வெயிலிலும் அதன்பின் வீசும் கச்சான் காற்றிலும் செடியில் விட்ட பழம் செம்மஞ்சளாகவே நின்றுவிடுவதன் காரணம் இதுவே. வறண்டிருந்த நிலத்தில் திடீரென மழை பொழிந்தால், பழம் மிகுதியாக நீரை உறிஞ்சித் தோல் வெடிப்பதும் உண்டு.

"செடியில் பழுத்ததன் சுவை வருமா?" என்று நீங்கள் கேட்கலாம். முற்றாத பச்சைக் காயைப் பறித்தால் வராது என்பது உண்மையே. முதல் நிறம் கண்ட காயோ, தனக்கு வேண்டிய இனிப்பில் பெரும்பகுதியைச் செடியிலிருந்து முன்னரே பெற்றுவிட்டது. ஆகவே, சுவையில் பெரிய குறை தோன்றாது. குருவியும் வெயிலும் குறுக்கிடாத இடத்தில் இரண்டொரு நாள் கூடுதலாக விட்டுவைப்பதில் தவறில்லை.

காலைக் குளிர்ச்சியில் பறியுங்கள். காம்பிலுள்ள கணுவைப் பெருவிரலால் அழுத்தினால் காய் எளிதாகக் கழன்றுவரும். கழுவாமல், சுளகிலோ கடகத்திலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். பழுப்பதற்கு வெயில் தேவையில்லை. விரைவு வேண்டுமானால் அருகே ஒரு வாழைப்பழத்தை வைத்து மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். 10 பாகைக்குக் குறைந்த குளிரில் காய் பழுக்கும் ஆற்றலை இழந்துவிடும்.

விதைக்கென ஒதுக்கும் பழம் மட்டும் செடியிலேயே முழுதாகச் சிவக்கட்டும். நல்ல செடியில் இரண்டு பழங்களைத் தெரிந்து, துணிப்பை கட்டிக் காத்துக்கொள்ளுங்கள். கலப்பின விதையாயின் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப் போல் அமையாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

அன்று பெரியம்மாவும் நானுமாக, அடி வெளுத்துச் சிவக்கத் தொடங்கிய பதினான்கு காய்களுள் பதின்மூன்றை ஆய்ந்து சுளகில் பரப்பினோம். ஐந்தாம் நாள் அவர் அனுப்பிய செய்தி இதுதான்: "பதின்மூன்று பழுத்துவிட்டது, தம்பி. ஒன்றை மட்டும் செடியில் விட்டிருந்தேன், அது குருவிக்கு." அவர் விட்டுவைத்த காயையும் எண்ணினால் கணக்குச் சரிதான். குருவிக்கும் ஒரு பங்கு வேண்டுமல்லவா?