வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும்? – பென்னாகரம் கூட்ட உரை

பென்னாகரத்தில் நடந்த மருத்துவ அணி கலந்தாய்வுக் கூட்டத்தில், இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய நம் மாவட்ட மருத்துவ அணி நிர்வாகி பேசியதன் எழுத்து வடிவம். முழுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.



"வெளிநாட்டில் வேலை பார்த்தீங்களே, அங்க மருத்துவம் எப்படின்னு பேசுங்க டாக்டர்" என்று செயலாளர் கேட்டார். சொல்கிறேன். ஆனால் வெளிநாடு போய் வந்தவன் மைக் பிடித்தால், "அங்க எல்லாம் சொர்க்கம், நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்ல" என்றுதான் ஆரம்பிப்பான். நான் அப்படிப் பேசப் போவதில்லை. உண்மை அப்படி இல்லை என்பதுதான் காரணம்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. எங்கள் ஊர் ஏரியூர் பக்கம். 108 எல்லாம் இல்லாத காலம். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஊரில் கார் கிடையாது. விடியற்காலை பால் வண்டி வரும் வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பால் கேன்களுக்கு நடுவே சாக்கு விரித்து அவரைப் படுக்க வைத்து தருமபுரி போய்ச் சேரும்போது மணி ஏழு. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஏர் பிடிக்கவே இல்லை. நான் டாக்டராகி ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார். ஐந்து மணி நேரம்தான் எங்களிடம் இல்லை. அதனால் எந்த நாட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி, கூப்பிட்டால் எத்தனை நிமிஷத்தில் வருவாங்க என்பதுதான்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1937-லேயே லண்டனில் 999 என்ற அவசர எண் வந்துவிட்டது. 1948-ல் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை நோயாளியிடம் ஆம்புலன்ஸுக்குக் காசு கேட்பதில்லை. அவசர சிகிச்சைக்கும் பில் கிடையாது. கூலி வேலை செய்கிறவரும் கோடீஸ்வரரும் ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும். இதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருக்கிறது.

ஆனால் அதே நாட்டில் 2022 டிசம்பரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அழைப்புகளுக்கு 18 நிமிடத்தில் வண்டி போக வேண்டும் என்பது அவர்களுடைய இலக்கு. அந்த மாதம் சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. வண்டி இல்லாமல் இல்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்த வண்டிகள், உள்ளே படுக்கை காலி இல்லாததால் ஆஸ்பத்திரி வாசலிலேயே வரிசை கட்டி நின்றன. படுக்கை ஏன் காலி இல்லை? குணமான வயதானவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆக, எங்கோ ஒரு வீட்டில் ஆள் இல்லாததால் இன்னொரு வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வராமல் போகிறது. சங்கிலி எங்கே அறுந்தாலும் அறுந்ததுதான்.

அமெரிக்காவில் கதை வேறு. 911-ல் கூப்பிட்டால் பெரும்பாலும் வேகமாக வந்துவிடுவார்கள். 1986-ல் போட்ட சட்டப்படி, அவசரமாக வந்தவரைக் காசில்லை என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு பில் வரும். ஆம்புலன்ஸுக்கு மட்டுமே பல நூறு டாலர், சில சமயம் ஆயிரத்தைத் தாண்டும். எதிர்பாராத மருத்துவ பில்லில் இருந்து மக்களைக் காப்பாற்ற 2022-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைச் சேர்த்தார்கள், சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டார்கள்! அதனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாடகை டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உலகத்தின் பணக்கார நாட்டில் இருக்கிறார்கள்.

தம்பிகளுக்காக அங்கிருந்தே இன்னொரு சேதி. 1960-களில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நோயாளியைத் தூக்கிப் போனது போலீஸ் வேன் அல்லது பிணம் ஏற்றும் வண்டி. பிட்ஸ்பர்க் நகரத்தில் 1967-ல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு, 'வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்' என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களைச் சேர்த்தது. பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் பயிற்சித் திட்டம் வகுத்துக் கொடுத்தார். வண்டியிலேயே சிகிச்சையை ஆரம்பிக்கும் முறைக்கு அந்த நாட்டில் முன்மாதிரியாக இருந்தவர்கள் அந்தப் பையன்கள்தான். 1975-ல் நகர நிர்வாகம் அதை மூடிவிட்டுத் தன் சொந்த சேவையைத் தொடங்கியது. வேலையைக் கற்றுக் கொடுத்தவர்களைக் கடைசியில் வெளியே தள்ளிய கதை நமக்குப் புதுசு இல்லை.

பிரான்சில் 15-ஐ அழுத்தினால், ஆபத்தான நிலை என்று தெரிந்தால் டாக்டரே வண்டியில் வருவார். செலவு அதிகம், நம்மால் இப்போதைக்கு முடியாது. தாய்லாந்து நமக்குப் பக்கத்து உதாரணம். 2017-லிருந்து, உயிருக்கு ஆபத்தான நிலையில் யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், தனியார் ஆஸ்பத்திரியே ஆனாலும், முதல் 72 மணி நேரம் நோயாளியிடம் காசு கேட்கக் கூடாது. விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி என்று பிரித்துப் பார்ப்பது இல்லை.

இலங்கையில் 1990 என்ற எண். 2016-ல் மேல், தென் மாகாணங்களில் இந்திய அரசின் நிதியுதவியில் ஆரம்பித்தார்கள். நம்ம ஊர் 108-ஐ நடத்திய நிறுவனம்தான் அங்கேயும் தொடங்கி வைத்தது. 2018-ல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. போர் நடந்த மண்ணில், தமிழில் கூப்பிட்டால் தமிழில் பதில் சொல்லும் வண்டி.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 108 தொடங்கியது 2008 செப்டம்பர் 15. எந்த ஆட்சி, யார் பணம் என்ற சண்டைக்கு இன்று நான் வரவில்லை. காசு வாங்காமல் வருகிற வண்டி அது, அதில் நம் மாநிலம் அமெரிக்காவை விட மேல். 2021 டிசம்பரில் வந்த நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொப்பூர் கணவாயில் லாரியும் காரும் மோதிக்கொள்ளும்போது அடிபடுகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள் என்பது இங்கே இருக்கிற உங்களுக்கே தெரியும். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும். கரும்புத் தோட்டத்தில் கட்டுவிரியன் கடித்தவருக்கும், ராகி அடிக்கும்போது நெஞ்சு வலி வந்தவருக்கும் தாய்லாந்து மாதிரி ஏன் இல்லை? அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். போகிற வழியில் இருப்பது தனியார் ஆஸ்பத்திரி என்றால்?

அவசரத்தில் வந்தவரை அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ திருப்பி அனுப்பக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் வரிசையாகக் கைவிரித்தன. அந்த வழக்கில் 1996-ல், அரசு தன்னிடம் நிதி இல்லை என்று காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னார்கள்.

சட்டம் இருக்கிறது, வண்டி இருக்கிறது. ரோடு? தேர்தல் வந்தால் வாக்குப் பெட்டி கழுதை மேல் ஏறிப் போகிற படம் பேப்பரில் வருமே, நம்ம கோட்டூர் மலை. இந்தத் தொகுதிக்குள்தானே இருக்கிறது? பெட்டிக்குக் கழுதை கிடைத்தது. பிரசவ வலி வந்த பெண்ணுக்குத் தூளியும் நாலு பேர் தோளும்தான். 2023-ல் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்துச் செத்துப் போன ஒன்றரை வயசுக் குழந்தையைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்த சேதியைப் படித்து அன்று நான் சாப்பிடவில்லை. ஆஸ்திரேலியாவில் ரோடு இல்லாத காட்டுப் பகுதிக்கு 1928-லேயே டாக்டரை விமானத்தில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். நான் விமானம் கேட்கவில்லை. ஜீப் போகிற ஒரு ரோடு, மலையடிவாரத்தில் ராத்திரியும் நிற்கிற ஒரு வண்டி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் பாம்புக்கடி மருந்து. அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். நாட்டுக்கே மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருவது பழங்குடி மக்கள், அது போய்ச் சேராத இடம் பழங்குடி மக்களின் மலை. இது ஞாயமா?

இங்கிலாந்திடமிருந்து நாம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு, அதற்குப் பெரிய செலவும் இல்லை. வண்டி எத்தனை நிமிஷத்தில் போனது என்று அங்கே மாதாமாதம், பகுதி வாரியாக வெளியிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஆன அந்த அவமானக் கணக்கையும் அவர்களே வெளியிட்டார்கள். அதனால்தான் நானும் இன்று இங்கே நின்று அதைச் சொல்ல முடிகிறது. மாநில சராசரி என்று ஒரே எண்ணைச் சொன்னால் அதில் சென்னையும் வரும், கோயம்புத்தூரும் வரும், கோட்டூர் மலை காணாமல் போய்விடும். பென்னாகரம் ஒன்றியத்துக்கு எத்தனை நிமிஷம், ஏரியூருக்கு எத்தனை, ஒகேனக்கல்லுக்கு எத்தனை என்று மாதாமாதம் வெளியிடச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். மனு தயாராக இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் பக்கத்தில் யாருக்காவது இதயத் துடிப்பு நின்றுவிட்டது என்றால், 400 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலர் போனுக்குச் செய்தி போகும், வண்டி வருவதற்குள் அவர் ஓடிப் போய் நெஞ்சை அழுத்த ஆரம்பிப்பார். நமக்கு ஆப் வேண்டாம், ஊருக்கு நாலு பேர் போதும். "தூக்கிட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமோ" என்று பயப்பட வேண்டாம். விபத்தில் நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-லேயே சேர்த்துவிட்டார்கள்.

நெஞ்சை அழுத்துவது, ரத்தத்தை நிறுத்துவது, பாம்பு கடித்தால் கத்தியால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கை காலை அசைக்காமல் கொண்டு போவது, ஆற்றில் மூழ்கினவரை எடுத்ததும் என்ன செய்வது, இதையெல்லாம் அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒகேனக்கல் பரிசல் ஓட்டும் அண்ணன்கள் கட்டாயம் வர வேண்டும். மகளிர் அணியிலிருந்து கிளைக்கு இரண்டு பேராவது வேண்டும். ஆம்பளைங்க வேலைக்குப் போன பகல் நேரத்தில் ஊரில் இருப்பது அவங்கதான். பயிற்சிக்கு பொம்மையும் நானே கொண்டு வருகிறேன். பேர் கொடுக்க வேண்டியவங்க மேடைக்குப் பக்கத்தில் நோட்டோடு நிற்கிற தம்பியைப் பாருங்க.